கரை கட்டும் ரோஸியக்கா

டிப்பர் லாரி பின்பக்கமாக வந்து நிற்பதற்குள் ரோஸியக்கா அதன் சக்கரத்தில் ஒரு காலை ஊன்றி மேலே ஏறிவிட்டார். குவிந்திருந்த மண்ணுக்குள் முழங்கை வரை கையை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி அள்ளினார். மேலாக இருப்பதை அவர் நம்புவதில்லை. நல்ல மண்ணை மேலே தூவிக் கொண்டுவருகிற வித்தை அவருக்குத் தெரியும், ஒரு காலத்தில் அவரே செய்ததுதான். இடுப்பில் செருகியிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து நாலு சொட்டு விட்டுப் பிசைந்தார். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டி, பென்சில் தடிமனுக்குத் திரித்து, அதை மோதிரம் போல ஆள்காட்டி விரலில் சுற்றினார். மோதிரம் நாலு இடத்தில் விரிசல் விட்டது.

"இன்னா மாரி, களிமண்ணு கேட்டா மணல கொண்டாந்துகீற? இது நிக்காது. வண்டிய திருப்பு."

டிரைவர் மாரி ஸ்டியரிங்கின்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டார். "அக்கா, ஜிஎஸ்டி ரோட்டுல டிராபிக்ல நின்னு நின்னு வந்துகீறேன்கா. ஒரே ஒரு லோடு. உள்ளாரப் போட்டு மூடிட்டா யாருக்குத் தெரியப்போவுது?"

"அவனுக்குத் தெரியும்."

"அவன்" என்று ரோஸியக்கா சொன்னால் அது தண்ணீர். மனிதர்களை அவர் பெயர் சொல்லித்தான் திட்டுவார். தண்ணீரை மட்டும், எப்போது வந்து என்ன கேட்பானோ என்று பயப்பட வைக்கும் உறவுக்காரனைப் பற்றிப் பேசுவதுபோல, குரலைத் தாழ்த்தி "அவன்" என்பார். "அவன் சும்மா குந்திக்கினு இருக்க மாட்டான் கண்ணு. எங்க சந்து கீது, எங்க பொந்து கீதுன்னு தடவிக்கினே இருப்பான். எறும்பு பூர்ற வழி கெடச்சாப் போதும், அப்பால அதையே வாசலாக்கிருவான்."

இந்தப் பயம் அவரை எங்கும் விடுவதில்லை. யார் வீட்டுக்குப் போனாலும் நடுக்கூடத்தில் நின்று முதலில் கூரையைத்தான் அண்ணாந்து பார்ப்பார். இரும்புலியூரில் அவர் போகிற சர்ச்சில் பிரசங்கம் நடக்கும்போது சபை முழுக்கப் பாஸ்டரைப் பார்த்துக்கொண்டிருக்கும். ரோஸியக்கா மட்டும் பாஸ்டருக்குப் பின்னால் சுவரில் ஊறியிருக்கிற ஈரம் போன வாரத்தைவிட எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார். கல்யாணத்துக்குப் போய் வந்தவரிடம் சாப்பாடு எப்படி என்று கேட்டால், "மண்டபத்து மாடில தண்ணி எறங்குது, சொல்லிட்டுத்தான் வந்தேன்" என்று பதில் வரும்.

தொழில் மண் வேலை. தாம்பரத்துக்குத் தெற்கே வயலும் பள்ளமுமாகக் கிடந்த இடங்கள் வரிசையாக லேஅவுட்டுகள் ஆனபோது, அந்தப் பள்ளங்களை நிரப்பிக் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். இன்று பால்கனியில் துளசித் தொட்டி வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிற எத்தனையோ குடும்பங்களின் காலுக்கடியில் ரோஸியக்கா கொட்டிய மண் இருக்கிறது. ஒரு பெருமழை வருடத்தில் அந்த வீடுகளில் சிலவற்றுக்குள் தண்ணீர் புகுந்தது. அதற்குப் பிறகு அவருக்கு அந்த வேலையில் மனம் ஒட்டவில்லை. அதே சமயம் கூடுவாஞ்சேரிப் பக்கம் நிலம் வாங்கிப் போட்டவர்களுக்குப் பண்ணைக்குட்டை ஆசை பிடித்தது. தோண்டுவதற்கு ஆள் இருந்தார்கள். தோண்டிய குட்டையில் தண்ணீர் நிற்கும்படி கரை கட்டத்தான் ஆள் இல்லை. ரொப்பிக்கொண்டிருந்தவர் அப்படித்தான் கரை கட்டுகிறவர் ஆனார்.

கணவர் எலியேசர் ரோலர் ஓட்டுகிறார். சின்ன ரோலர், சொந்தம். ஜேசிபியும் டிப்பரும் வாடகைக்கு வரும். எலியேசர் வாய் திறந்து கேட்டவர்கள் குறைவு. காதில் புளூடூத்தைச் செருகிக்கொண்டு பிரசங்கம் கேட்டபடியே முன்னும் பின்னும் போய் வருவார். மனைவி கையை ஆட்டினால் நிற்பார், மறுபடி ஆட்டினால் கிளம்புவார். "இவுருக்கு ஆண்டவர் பேசறது மட்டுந்தான் காதுல பூரும். நான் கத்தறது ரோலர் சத்தத்துல பூடும்" என்று ரோஸியக்கா குறைப்பட்டுக்கொள்வார். குறைதான், ஆனால் முப்பது வருடக் குடித்தனம் அந்த ஏற்பாட்டில்தான் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது.

கரை என்றால் மண்ணைக் குவித்து வைப்பது என்று நம்மில் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். "குமிச்சு வெச்சா அது குப்பமேடு" என்பார் அவர். முதலில் புல், வேர், கறுத்த மேல்மண் எல்லாவற்றையும் வழித்துவிட வேண்டும். கரை வரப்போகிற கோட்டின் நடுவில் நீளமாக ஒரு குழி எடுக்க வேண்டும், கெட்டிக் களிமண் தட்டுப்படும் வரைக்கும். அந்தக் குழியிலிருந்து கரையின் உச்சி வரை உள்ளுக்குள் ஒரு களிமண் சுவர் எழும்பும். தண்ணீரைத் தடுப்பது அதுதான், வெளியே நாம் பார்ப்பதெல்லாம் அதற்குப் போர்வை. ஒரு சாண் மண் பரப்பி, தண்ணீர் தெளித்து, ரோலர் ஓட்டி, இறுகியதும் மேலே கீறிவிட்டு, அதன்மேல் அடுத்த சாண். கீறாமல் போட்டால் இரண்டு அடுக்கும் ஒட்டாது, அந்த இடுக்கில் "அவன்" வந்துவிடுவான். மண் காய்ந்திருந்தாலும் இறுகாது, சொதசொதவென்றிருந்தாலும் இறுகாது. பதம் கேட்டால் "சப்பாத்தி மாவு கணக்கா" என்று சொல்லுவார். அவர் வீட்டுச் சப்பாத்தியைத் தின்றவர்கள் இந்தப் பதத்தை ஒத்துக்கொள்வதில்லை.

ஒரு குணத்தை மட்டும் சொல்லாமல் விட்டால் இது அவரைப் பற்றிய எழுத்தாகாது. தன் தப்பு என்று ஒன்றை ரோஸியக்கா ஒத்துக்கொண்டதாக ஊரில் சாட்சி கிடையாது. குழம்பு அடிப்பிடித்தால் அடுப்பின் குற்றம். ரயிலை விட்டால் அன்றைக்கென்று ரயில் சரியான நேரத்துக்கு வந்து தொலைத்தது. கட்டிய கரையில் எங்காவது ஈரம் தெரிந்தால் நண்டு, எலி, பக்கத்து வீட்டு செப்டிக் டேங்க் என்று சாக்குகள் வரிசையில் வந்து நிற்கும். நண்டை அவர் தோண்டி எடுத்துக் காட்டியதும் உண்டு. அதனால் அவரை முழுக்கப் பொய்க்காரி என்றும் சொல்லிவிட முடியாது.

அந்த வாய்க்குத்தான் போன வருடம் சோதனை வந்தது.

பத்ரிநாராயணன் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மேற்குத் தாம்பரத்தில் வீடு. கூடுவாஞ்சேரியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி அவருக்கும் மனைவி காமுவுக்கும் ஒரு துண்டு நிலம் இருந்தது. மாங்கன்றும் கத்திரியும் போட்டிருந்தார்கள். கோடை வந்தால் போர்வெல் தண்ணீருக்குப் பதில் காற்றைக் கக்கியது. மழைநீரைத் தேக்கி வைக்கலாம் என்று குட்டைக்கு முடிவு செய்தார்கள். நிலம் வடகிழக்கே சரிகிறது. தண்ணீர் தானாக வந்து சேருகிற மூலையும் அதுதான், ஈசானிய மூலையில் நீர் நின்றால் விசேஷம் என்று காமு நம்புகிற மூலையும் அதுதான். பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக் கொடுத்த காமுவுக்கு நாளிலும் திசையிலும் அசைக்க முடியாத நம்பிக்கை.

மூலைக்குக் கீழே புதிதாக ஒரு லேஅவுட். அதில் முதல் வீடு சத்யபிரியாவுடையது. தாம்பரத்தில் ஒரு கிளினிக்கில் நர்ஸ். கணவனுக்கு ஓசூரில் வேலை, வாரக் கடைசியில்தான் வருவான். வீட்டுக் கடனைத் தலையில் ஏற்றிக்கொண்டு, கைக்குழந்தை ஓவியாவோடு குடிவந்த கையோடு, பின்சுவருக்கு மேலே ஜேசிபி மண்ணைப் பறிப்பதைப் பார்த்தாள்.

"என்னக்கா இது? என் வீட்டுக்கு மேலயே குளம் வெட்டினா எப்படி? உடைஞ்சா நேரா பெட்ரூமுக்குத்தான வரும்? நான் பஞ்சாயத்து ஆபீஸ் போறேன்."

அவள் கோபத்தில் நியாயம் இருந்தது. கிளம்பியும் விட்டாள். ரோஸியக்கா ஸ்கூட்டிக்கு முன்னால் போய் நின்றார். யாரும் கேட்காமல் அவராகவே கொடுத்த வாக்கு இது:

"உன் கொல்லைல ஒரு சொட்டு வந்துச்சுன்னா நானே வந்து கரைய வெட்டிப் போட்டு, மறுக்கா கட்டித் தரேன். நீ யாருக்கும் சொல்லத் தேவல்ல. எனக்குச் சொல்லு."

சத்யபிரியா நம்பினாள். ஸ்கூட்டியைத் திரும்ப உள்ளே நிறுத்தினாள். அதற்குப் பிறகு வேலை முடியும்வரை அவள் வாயே திறக்கவில்லை, இரண்டு நாள் மோர் கூடக் கொடுத்தனுப்பினாள்.

ஆனி மாதக் கடைசியில் கரை எழும்பி நின்றது. சரிவுகளில் அருகம்புல் பதித்து, ஓரத்தில் உபரித் தண்ணீர் வழிந்து போகக் கல் பாவிய கலங்கலும் வைத்தாகிவிட்டது. ஆடியிலும் ஆவணியிலும் சாயங்கால மழைகள் வந்து பாதிக் குட்டை நிறைந்தது. பத்ரிநாராயணன் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்து உறவினர் குழு அத்தனைக்கும் அனுப்பினார்.

புரட்டாசியில் சத்யபிரியாவின் துணி துவைக்கும் கல்லைச் சுற்றி ஈரம் காயாமல் நின்றது. போன் போட்டாள். ரோஸியக்கா வந்து பார்த்தார்.

"துணி தோய்க்கிற எடம் ஈரமாத்தான் இருக்கும். அதுக்கு இன்னா?"

"நாலு நாளா நான் துவைக்கலக்கா. நைட் டூட்டி."

"அப்போ உன் செப்டிக் டேங்க்கு."

செப்டிக் டேங்க் வீட்டின் முன்பக்கம் இருந்தது. ரோஸியக்கா சளைக்கவில்லை. குனிந்து, கசிந்து வந்த தண்ணீரைக் கையில் ஏந்திப் பார்த்தார். "தோ பாரு, கண்ணாடி கணக்கா தெளிஞ்சு கீது. எந்தக் கரையும் கொஞ்சம் வேர்க்கும், தப்பில்ல. கலங்கி வந்தாத்தான் பயப்படணும். கலங்கி வந்தா கரை உள்ளார கரையுதுன்னு அர்த்தம். அப்போ எனக்குப் போன் போடு."

வாய் சும்மா இருந்திருக்கலாம். ஒரு வாரம் கழித்து சத்யபிரியா போன் போடவில்லை, நேராக இரும்புலியூருக்கு வந்துவிட்டாள். கையில் ஒரு ஊறுகாய் பாட்டில், நிறையத் தண்ணீர். ராத்திரி முழுக்க அசையாமல் வைத்திருந்து எடுத்து வந்திருக்கிறாள். மேலே தெளிவு. அடியில் கட்டை விரல் அகலத்துக்கு மாவு போலச் செம்மண் படிந்திருந்தது.

ரோஸியக்கா பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஒருமுறை குலுக்கினார். படிந்தது எழும்பிச் சுழன்றது. நண்டு என்று சொல்ல வாய் திறந்தது. சொல்லவில்லை. அந்த மண் எந்த ஏரியிலிருந்து எந்த லாரியில் வந்தது என்று அவருக்குத் தெரியும். அவர் கையால் உருட்டி மோதிரம் சுற்றிப் பார்த்துச் சரி என்று சொன்ன மண்.

"நீ போ கண்ணு. நான் வந்து பாக்கறேன்" என்றார். குரலில் சுரத்தே இல்லை.

அன்றைக்கு மத்தியானமே எலியேசரைக் கூட்டிக்கொண்டு போய்க் கரைமேல் நடந்தார். மேற்கிலிருந்து ஆரம்பித்துக் கிழக்கே வந்து, வடகிழக்கில் கரை வளைகிற இடத்தில் நின்றுவிட்டார். அந்த இடத்தில் மட்டும் மண் ஒரு விரற்கடை அமுங்கியிருந்தது. இது நண்டு செய்கிற வேலை இல்லை. கணவரின் காதிலிருந்து புளூடூத்தைத் தானே பிடுங்கினார்.

"இங்கதான நீ வளைச்சு வளைச்சு ஓட்டின?"

எலியேசர் யோசித்தார். பிறகு, அபூர்வமாக, ஒரு முழு வாக்கியம் பேசினார். "நீதான குச்சிய இடிச்சுறாதன்ன."

குச்சி! ரோஸியக்கா அப்படியே கரைமேல் உட்கார்ந்துவிட்டார்.

விஷயம் இதுதான். நடுக்குழி தோண்டி முடித்த பிறகுதான் காமுவுக்கு நல்ல நாள் கிடைத்தது. சாஸ்திரிகளை அழைத்து வந்து, ஈசானிய மூலையில் குழியின் அடியிலேயே முகூர்த்தக்கால் நட்டார். மஞ்சள் பூசிய சவுக்குக் கொம்பு, நுனியில் மாவிலை, நவதானியம் முடிந்த மஞ்சள் துணி. வேலை முடிகிறவரை அதைப் பிடுங்கக் கூடாது என்பது வழக்கம். ஆனால் காமு மனதில் ஒரு கணக்கு இருந்தது: இடைஞ்சலாக இருந்தால் ரோஸி ஒரு வார்த்தை சொல்லுவார், நாள் பார்த்து எடுத்துக்கொள்ளலாம். ரோஸியக்கா மனதில் வேறு கணக்கு: அவர்கள் சாமி விஷயம், சர்ச்சுக்குப் போகிறவள் நாம் அதில் கை வைத்தால் தப்பாகிவிடும், கேட்டால் கூட மனசு சங்கடப்படுவார்கள். ரோஸியக்கா கேட்கவில்லை. காமுவாகச் சொல்லவும் இல்லை. களிமண் அடுக்கடுக்காக ஏறியபோது கொம்பு அதன் நடுவே நின்றது. ரோலர் ஒவ்வொரு முறையும் அதைச் சுற்றி வளைந்து போனது. சுற்றியிருந்த மண்ணை ரோஸியக்கா திமிசுக் கட்டையால் இடித்தார், அதுவும் கொம்பில் பட்டுவிடாமல், பயபக்தியோடு, மெத்து மெத்தென்று. கடைசியில் மாவிலையும் மூடிப்போயிற்று. அதன்மேல் புல்லும் முளைத்தது.

கரை நெடுக யானை ஏறினாலும் அசையாது. அந்த ஒரு கை அகலத்தில் மட்டும் இரண்டு பேரின் மரியாதையும் சேர்ந்து மண்ணை இறுக விடவில்லை.

மறுநாள் காலை புருஷனும் பெண்டாட்டியும் மேற்குத் தாம்பரம் போனார்கள். காமு காபி கொண்டுவந்து வைத்தார். ரோஸியக்கா கூரையைப் பார்க்கவில்லை, காபியைத் தொடவில்லை.

"சார், கரைல கசிவு கீது."

"எலியா?" என்றார் பத்ரிநாராயணன். பாவம், அவரே எடுத்துக் கொடுத்தார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

"எலி இல்ல சார். தப்பு நம்மளுது. நம்மளுதுன்னா... என்னுது."

பக்கத்து நாற்காலியில் எலியேசர் காதிலிருந்ததைத் தானாகவே கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

ரோஸியக்கா குச்சியைப் பற்றிச் சொல்லி முடித்தார். காமுவின் முகம் வாடியது. "நான் நட்டதால்தானே" என்றார். "நீங்க நட்டது நட்டதுதான்மா. மண்ண ஏத்துனது நானு. வாயத் தொறந்து கேட்டிருக்கணும். ஊரெல்லாம் வம்பு பேசற வாயி, அன்னிக்கு மூடிக்கினு இருந்துச்சு."

பத்ரிநாராயணன் விவரமாகவே பேசினார். "உள்பக்கம் கனமான பிளாஸ்டிக் ஷீட் விரிச்சா நிக்குமில்லையா? நிறைய பேர் பண்றாங்க. இப்ப போய் கரையை வெட்டி, வெட்டின நேரத்துல மழை பிடிச்சுக்கிட்டா என்ன செய்வீங்க? அது இன்னும் ஆபத்தாச்சே."

அவர் சொன்னதில் பிழை இல்லை. ஐப்பசி வாசலில் நின்றது. வெட்டிய கரை திறந்து கிடக்கும்போது பெருமழை வந்தால், பாதிக் குட்டையும் சத்யபிரியா வீட்டுக்குள்தான் போகும்.

"ஷீட்டு நிக்கும் சார். ரெண்டு மூணு வருசம் நல்லாவே நிக்கும். அப்பால எங்கனா கிழியும், அந்தப் பொண்ணு அப்பவும் அங்கதான் குடியிருக்கும். வெட்டித் தரேன்னு நான் அதுக்குச் சொல்லிட்டேன் சார். குட்டைத் தண்ணிய மொதல்ல எறைச்சுருவோம். மழ வந்துச்சுன்னா நான்தான் மாட்டிக்குவேன், வரட்டும்."

காமு எழுந்து பஞ்சாங்கத்தை எடுத்தார். புரட்டினார். பிறகு என்ன நினைத்தாரோ, மூடி வைத்துவிட்டார். "நாளைக்கே வெட்டுங்க. அந்தக் கொம்பை மட்டும் நான் வந்து எடுக்கிறேன்."

மோட்டார் வைத்துக் குட்டையை இறைத்தார்கள். சேர்த்த தண்ணீர் மாங்கன்றுகளைத் தாண்டி ஓடையில் போய் விழுவதைப் பத்ரிநாராயணன் பார்க்க மாட்டாமல் வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டார். ஜேசிபியை நேர்க்கோடாக வெட்ட ரோஸியக்கா விடவில்லை. புது மண் பழைய மண்ணோடு பிடித்துக்கொள்ள வேண்டுமென்றால் படிப்படியாக, அகலமாக வெட்ட வேண்டும். அதனால் வேலை இன்னும் கூடியது. தான் இறுக்கிய மண்ணைத் தானே பக்கத்தில் நின்று பெயர்க்க வைத்தார். அது பாறை போல வந்தது. ஜேசிபிக்காரர் "இன்னாக்கா, சிமிட்டி போட்டியா?" என்று கேட்டார். வேறு நாளாக இருந்தால் அந்த ஒரு கேள்விக்கு அரைமணி நேரம் பெருமை பேசியிருப்பார்.

நடுவில் வந்தபோது மண் பெயரவில்லை, உதிர்ந்தது. கொம்பு தெரிந்தது. மேல் பாதியைக் கரையான் தின்றுவிட்டு உள்ளே கூடு கட்டியிருந்தது. மஞ்சள் துணி நிறம் போய்க் கிழிசலாக ஒட்டிக்கொண்டிருந்தது. காமு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குழிக்குள் இறங்கினார். கற்பூரம் ஏற்றிக் கண்ணை மூடினார். ரோஸியக்கா முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு தள்ளி நின்றார். காமு கொம்பைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. இன்னொரு தரம் இழுத்தார்.

"ஒரு கை பிடிங்க ரோஸி."

"நானாம்மா?"

"வேற யாரு இருக்கா இங்க?"

இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தார்கள். கொம்பு வந்த வேகத்தில் காமு பின்னால் சாய, ரோஸியக்கா தாங்கிப் பிடித்தார். இருவர் மேலும் ஒரே கரையான் மண். அதற்குப் பிறகு அந்த நிலத்தில் ஒருவரையொருவர் கேட்காமல் யாரும் எதையும் செய்வதில்லை. சில சமயம் அது அளவுக்கு மீறியும் போகிறது. கத்திரிக்காய் பறிப்பதற்கெல்லாம் காமு போன் செய்து கேட்கிறார்.

வெட்டிய இடத்தைத் திரும்ப ஏற்றிய நாட்களில் ரோஸியக்கா யாரிடமும் சரியாகப் பேசவில்லை. கிழக்கே மேகம் திரண்டால் வேலையை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நிற்பார். மாரி கொண்டுவந்த இரண்டு லோடுகளைத் திருப்பி அனுப்பினார். ரோலர் முடித்த ஓரங்களில் தானே திமிசுக் கட்டையை எடுத்து இடித்தார். அவர் கை கொப்பளித்துப்போனதைப் பார்த்து எலியேசர் கட்டையை வாங்கப் போனபோது கொடுக்க மறுத்தார். கடைசி அடுக்கில் புல் பதித்து முடித்த மறுநாள் தூறல் விழுந்தது. அவருக்கு அழுகை வந்துவிட்டது. ஏன் என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை.

ஐப்பசியில் வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் வந்தது. விடாத மழை. பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டார்கள், தாம்பரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றது. குட்டை விளிம்பு வரை ஏறி, உபரி கலங்கல் வழியாகச் சலசலவென்று ஓடைக்குப் போய்க்கொண்டிருந்தது. பத்ரிநாராயணன் போனில் சொல்லிக்கொண்டே இருந்தார், "ஃபுல், ரோஸி, ஃபுல்!" அவர் குரலில் சந்தோஷமும் கிலியும் பாதிப் பாதி.

சத்யபிரியாவின் கணவன் ஓசூரிலிருந்து கிளம்ப முடியாமல் மாட்டிக்கொண்டான். அவள் பொழிச்சலூரில் இருக்கிற அம்மா வீட்டுக்குப் போக முடிவு செய்து, குழந்தையின் துணிகளையும் வீட்டுப் பத்திரத்தையும் ஒரு பையில் திணித்து, ஆட்டோவுக்கும் சொல்லிவிட்டாள். மழைக்கோட்டு போட்ட உருவம் ஒன்று பின்கொல்லையில் கரையின் அடிவாரத்தை ஒட்டிக் குனிந்து குனிந்து தடவிக்கொண்டு போவதை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ரோஸியக்கா இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை போனார். திரும்பி வந்தார். துணி துவைக்கும் கல்லடியில் கொஞ்ச நேரம் குந்தியிருந்தார். பிறகு பின்கதவைத் தட்டினார்.

காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தவரிடம் சத்யபிரியா கேட்டாள். "நிக்குமாக்கா? உண்மையச் சொல்லுங்க. குழந்தைய வச்சுக்கிட்டு இருக்கேன்."

ரோஸியக்கா மழைக்கோட்டைக் கழற்றிக் கதவில் மாட்டினார்.

"நான் சொல்லித்தான் போன தபா நம்பின. அந்தப் பேச்சுல இன்னா கீது கண்ணு, வுடு."

பின்னறையைக் காட்டி, "பாய் கீதா?" என்றார். சத்யபிரியா புரியாமல் எடுத்துக் கொடுத்தாள். கரையைப் பார்த்த சுவர் அந்த அறையின் சுவர்தான். ரோஸியக்கா அந்தச் சுவரை ஒட்டினாற்போல் பாயை விரித்தார். கையை மடித்துத் தலைக்கு வைத்து, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். முந்தானையை இழுத்துக் காதை மூடிக்கொண்டார். ஒரு மாதமாகச் சரியாகத் தூங்காத உடம்பு. வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்க, சற்று நேரத்தில் குறட்டை கேட்டது.

வாசலில் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். சத்யபிரியா பை ஒரு தோளிலும் குழந்தை ஒரு தோளிலுமாக நின்று அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஹாரன் மறுபடியும் அடித்தது. அவள் பையைக் கீழே இறக்கி வைத்தாள். கண் சொக்கியிருந்த ஓவியாவை மெல்ல எடுத்து, ரோஸியக்காவின் முதுகோரமாகப் பாயில் கிடத்தினாள்.